கட்டைவிரலும் கணினியும்: பனிக்காலையில் இரண்டு ஏ.டி.வி.

எங்கள் வீடு டொராண்டோவுக்கு வடகிழக்கே, லிண்ட்சே பக்கம். வாசலிலிருந்து சாலைவரை நீளமான மண்பாதை. ராத்திரி பனி கொட்டினால், காலையில் அதைத் தள்ளி ஒதுக்கினால்தான் காரை வெளியே எடுக்க முடியும். அதற்காகவே ஒரு பழைய ஏ.டி.வி., அதாவது கரடுமுரடான பாதையிலும் ஓடும் நான்கு சக்கர வண்டி, வைத்திருக்கிறேன். பருத்த டயர், முன்னால் பனி தள்ளும் பிளேடு, பிளேடைத் தூக்க ஒரு வின்ச். 2002-ஆம் ஆண்டு வண்டி, கார்புரேட்டர். அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணனிடம் இருப்பது 2016-ஆம் ஆண்டு வண்டி, ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். போன ஜனவரியில் ஒரு காலை, மைனஸ் 27 டிகிரியில், இரண்டும் சொல்லிவைத்ததுபோல் மக்கர் செய்தன.

"தம்பி, இது டிக் டிக் எண்டுது. எஞ்சின் சுத்துதே இல்லை" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார் அண்ணன். என் வண்டியின் கதை நேரெதிர். செல்ஃப் அழகாக எடுத்தது, எஞ்சின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. அன்று இரண்டு வண்டியையும் சரிசெய்து முடித்தபோது மாலை நாலு மணி. ஒரே குளிர், ஒரே புகார், ஆனால் ஒன்றுக்குச் செய்த வைத்தியம் மற்றதற்குக் கொஞ்சமும் உதவவில்லை. அதைத்தான் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஏ.டி.வி. பிறந்ததே குளிர்காலத்தை உத்தேசித்துத்தான். 1960-களின் இறுதியில், பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிடுகிறது, அந்த மாதங்களில் டீலர்கள் விற்க வேறு வண்டி வேண்டும் என்று ஹோண்டாவின் அமெரிக்கப் பிரிவு ஜப்பானிடம் கேட்டது. ஒசாமு டகேயூச்சி என்ற பொறியாளர் வடிவமைத்த மூன்று சக்கர வண்டி 1970-இல் கடைக்கு வந்தது. நான்கு சக்கரத்தை 1982-இல் சுசூகி கொண்டுவந்தது. பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் கார்புரேட்டர் ராஜ்ஜியம்தான். 2005-இல் சுசூகி கிங்குவாட் 700, 2007-இல் ஹோண்டா ராஞ்சர் 420, யமஹா கிரிஸ்லி 700 என்று வரிசையாக இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வந்தன. பழையவையும் லேசில் சாகிற ரகமில்லை. அதனால் இன்று கனடாவின் கொட்டகைகளில் இரண்டு தலைமுறையும் அருகருகே நிற்கின்றன.

குளிர் என்ன செய்கிறது? திரவப் பெட்ரோல் எரியாது, அதன் ஆவிதான் எரியும். சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று எடை போட்டுக் கலந்தால் போதும். மைனஸ் 25-இல் பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் மட்டுமே ஆவியாகும், மற்றவை ஈரமாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எரியக்கூடிய அளவுக்கு ஆவி கிடைக்க வேண்டுமானால் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெட்ரோலை ஊற்ற வேண்டும். அதே நேரத்தில் ஆயில் தேன்போல் இறுகி எஞ்சினைப் பிடித்துக்கொள்கிறது. பேட்டரியோ மைனஸ் 18-இலேயே ஏறத்தாழப் பாதி பலத்தை இழந்துவிடுகிறது. அதாவது, அதிகம் இழுக்க வேண்டிய நாளில்தான் அதனிடம் குறைவாக இருக்கிறது. இரண்டு வண்டிக்கும் இந்தக் கணக்கு ஒன்றே. கூடுதல் பெட்ரோலை அளந்து ஊற்றுவது யார் என்பதில்தான் வித்தியாசம். என் வண்டியில் அது என் கை. அண்ணன் வண்டியில் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னக் கணினி.

என் வண்டியிலிருந்து தொடங்குகிறேன். ஹேண்டில்பாரில் இடது பக்கம் சோக் நெம்புகோல். சோக் என்று நாம் சொன்னாலும், பெரும்பாலான ஏ.டி.வி. கார்புரேட்டர்களில் காற்றை அடைக்கும் தகடு கிடையாது. நெம்புகோலை இழுத்தால் கார்புரேட்டரின் ஓரத்தில் ஒரு சிறு பித்தளை முளை மேலே எழும். அதன் அடியில் தனியாக ஒரு பெட்ரோல் வழி திறக்கும். அந்த வழியில் பெட்ரோலை உறிஞ்சுவது எது? மூடியிருக்கும் த்ராட்டிலுக்குப் பின்னால் உருவாகும் வெற்றிடம். இங்கேதான் எல்லாரும் தப்புச் செய்கிறோம். வண்டி பிடிக்காவிட்டால் கட்டைவிரல் தானாகவே த்ராட்டிலை அழுத்துகிறது. அழுத்தினால் வெற்றிடம் போயிற்று. வெற்றிடம் போனால் சோக் வழியாகப் பெட்ரோல் வராது. நாம் உதவுவதாக நினைத்து வண்டியைப் பட்டினி போடுகிறோம். சோக் முழுதாக இழுத்து, த்ராட்டிலைத் தொடாமல், ஐந்து ஐந்து விநாடியாகச் செல்ஃப் கொடுப்பதே முறை. த்ராட்டிலை அழுத்தும்போதெல்லாம் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் வைத்த ரேஸ் ரக வண்டிகள் சில உண்டு. அவற்றுக்கு மட்டும் முதலில் ஓரிரு முறை அழுத்துவது நல்லது. எந்த ரகம் என்பதை வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும்.

இதை எழுதும்போது ஊர் ஞாபகம் வருகிறது. அப்பா தன் சேட்டக் ஸ்கூட்டரை மார்கழிக் காலையில் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துவிட்டுத்தான் கிக்கரை உதைப்பார். சாய்த்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வழியும், கலவை கெட்டியாகும். அதுவும் ஒரு சோக்தான், கையால் செய்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் நம் ஊர்ப் புது வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இன்று பைக் ஓட்டப் பழகும் பையனுக்குச் சோக் என்றால் என்னவென்றே தெரியாது.

அன்று காலை நான் கட்டைவிரலைக் கட்டுப்படுத்தியும் வண்டி பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கார்புரேட்டர் வண்டியில் இதைவிடப் பெரிய துப்பு இல்லை. பிளக் ஈரமாக, பெட்ரோல் வாடையோடு வந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் போயிருக்கிறது, அல்லது தீப்பொறி பலவீனம். காய்ந்து வந்தால் பெட்ரோல் வந்து சேரவே இல்லை. டேங்கில் பெட்ரோல் இருந்தது, குழாயும் திறந்திருந்தது. மிச்சம் கார்புரேட்டர்தான். அதன் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் திருகு இருக்கும். ஒரு கண்ணாடி ஜாடியைப் பிடித்துக்கொண்டு திருகைத் தளர்த்தினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. கம்பியால் மெல்லக் குத்தியதும் சொட்டுச் சொட்டாக வந்து, பிறகு வழிந்தது. ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் அரிசி அளவில் நாலைந்து வெள்ளைக் குருணைகள். பனிக்கட்டி. தண்ணீரில் மிதக்கும் பனிக்கட்டி பெட்ரோலில் மூழ்கிவிடும். டேங்கில் வியர்த்த தண்ணீர் கிண்ணத்தின் அடியில் தங்கி, உறைந்து, பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டின் வாயை அடைத்திருக்கிறது. சோக் வழி பெட்ரோல் எடுப்பதும் அதே அடியிலிருந்துதான்.

வெந்நீரில் நனைத்த துணியைக் கார்புரேட்டரின் கிண்ணத்தில் சுற்றி வைத்தேன். ஆறியதும் மறுபடி நனைத்துச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் உள்ளே உருகியிருக்க வேண்டும், கிண்ணத்தை மறுபடி வடித்தேன். டேங்கில் தண்ணீரை உள்வாங்கிக்கொள்ளும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் திரவம் ஒரு மூடி விட்டேன். இங்கே எல்லாப் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். சோக், செல்ஃப், நான்காவது சுற்றில் பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் வண்டி சும்மா நிற்பதாக இருந்தால் இன்னொரு தொல்லை சேரும். கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் காய்ந்து பிசினாகி, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பைலட் ஜெட் துளையை அடைத்துக்கொள்ளும். கோடையில் அந்த அடைப்போடு வண்டி எப்படியோ கிளம்பிவிடும், குளிரில் கிளம்பாது. அதற்குக் கார்புரேட்டரைக் கழற்றத்தான் வேண்டும். பழைய வண்டி என்றால் கையாலேயே சரிசெய்யலாம் என்று பெருமை பேசுபவர்கள் மைனஸ் 27-இல் கையுறையைக் கழற்றிவிட்டு ஜெட் திருகிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அண்ணன் வண்டியில் சோக் கிடையாது, கிண்ணம் கிடையாது. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு மூன்று விநாடி 'உய்ய்' என்று ஓடி, பெட்ரோலை ஏறத்தாழ மூன்று பார் அழுத்தத்துக்கு ஏற்றி நிறுத்திவிடும். வெப்பமானி எஞ்சினின் குளிர்ச்சியைச் சொல்லும், இன்னொன்று காற்றின் குளிர்ச்சியையும் அழுத்தத்தையும் சொல்லும். கணினி அதற்கேற்ப இன்ஜெக்டரை இத்தனை மில்லிவிநாடி திற என்று உத்தரவிடும். எஞ்சின் சூடாகச் சூடாக அந்த நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். நான் சோக்கைப் பாதியில் நிறுத்துவதா, முழுக்க உள்ளே தள்ளுவதா என்று காது கொடுத்துக் கேட்டுச் செய்வதையெல்லாம் அது சத்தமில்லாமல் செய்துவிடும். இதில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை.

ஆனால் இதற்கெல்லாம் கரண்ட் வேண்டும். பம்ப், கணினி, இன்ஜெக்டர், தீப்பொறி, ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஐந்து பேருக்கும் சோறு போடுவது ஒரே பேட்டரி. ஸ்டார்ட்டர் மோட்டார் பெருந்தீனிக்காரன். அவன் உட்கார்ந்தால் மற்றவர்களுக்குப் பந்தியில் ஒன்றும் மிஞ்சாது.

வோல்ட் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். சும்மா இருக்கும்போது 12.1. பார்க்க நல்ல எண்ணாகத் தோன்றும், ஆனால் அது பாதி இறங்கிய பேட்டரி. முழு சார்ஜில் 12.7-ஆவது இருக்க வேண்டும். அண்ணனை ஸ்டார்ட் பட்டனை அழுத்தச் சொன்னேன். டிக். மீட்டர் 8-க்குச் சரிந்தது. எஞ்சின் சுற்றும்போதுகூட 9.6-க்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுவான அளவுகோல்.

"அண்ணா, பேட்டரி இறங்கியிருக்கு."

"போன வருசம்தான் தம்பி புதுசு போட்டனான்."

புதியதுதான். தப்பு அதன்மேல் இல்லை, வின்ச்மேல். அண்ணன் தினமும் காலையில் பத்து நிமிடம் பனி தள்ளுகிறார். நாலடி முன்னே, பிளேடைத் தூக்கு, பின்னே வா, இறக்கு, மறுபடி முன்னே. ஒவ்வொரு தூக்கலுக்கும் வின்ச் பேட்டரியை உறிஞ்சுகிறது. கைப்பிடிச் சூடாக்கி வேறு எரிந்துகொண்டே இருக்கிறது. ஐடிலில் ஓடும் எஞ்சின் திருப்பித் தரும் கரண்ட் மிகக் குறைவு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் ஏறி, மைனஸ் 27 வந்த அன்று பேட்டரி திவாலாகிவிட்டது. என் வண்டியிலும் வின்ச் உண்டு, என் பேட்டரியும் அவ்வளவு யோக்கியமில்லை. ஆனால் கார்புரேட்டர் எஞ்சினுக்குப் பம்பும் கணினியும் கிடையாது. பேட்டரி தளர்ந்தாலும் செல்ஃபுக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தால் பிடித்துக்கொள்ளும். அதுவும் முடியாவிட்டால் பக்கவாட்டில் ஒரு கயிறு இருக்கிறது, புல்வெட்டும் இயந்திரத்தில் இழுப்பதுபோல் இழுக்கலாம். அண்ணன் வண்டியில் கயிறும் இல்லை.

பேட்டரியைக் கழற்றி அண்ணன் வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோனோம். அண்ணி தேநீர் தந்தார். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருக்கின்றனவா என்று முதலில் தடவிப் பார்த்தேன். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி இந்த நாட்டுக் குளிரில் உறையாது. முற்றாக இறங்கியது மைனஸ் 10-ஐ நெருங்கும்போதே உறைந்துவிடும். உறைந்த பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டுவது ஆபத்து, வெடிக்கலாம். நல்ல வேளை, பாதி சார்ஜாவது இருந்ததால் இது தப்பித்தது. அறையின் சூடு ஏறும்வரை காத்திருந்துதான் சார்ஜர் மாட்டினோம். காரிலிருந்து ஜம்ப் கொடுத்திருக்கலாமே என்று அண்ணன் கேட்டார். கொடுக்கலாம், கார் எஞ்சினை அணைத்துவிட்டு. ஆனால் அது அன்றைய பாடு மட்டும் தீர்வதற்கு. பத்து நிமிடப் பனி தள்ளலில் பேட்டரி மறுபடி நிரம்பாது, நாளைக் காலை மறுபடி டிக்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்னொரு விதமான ஏமாற்று உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. பழைய பழக்கத்தில் பெட்ரோலைச் சந்தேகிப்போம். உண்மையில் செல்ஃப் எடுக்கும் கணத்தில் வோல்ட் இறங்கி, கணினி ஒரு முறை அணைந்து மறுபடி விழிக்கிறது. பட்டனை அழுத்தும்போது மீட்டர் திரை ஒரு கணம் இருண்டு எரிந்தால் இதுதான் நோய். பேட்டரி முனைகளில் பூத்த பச்சை, தளர்ந்த எர்த் ஒயர் ஆகியவையும் இதே விளையாட்டைக் காட்டும். பத்தில் எட்டு முறை இன்ஜெக்‌ஷனைக் குற்றம் சொல்வது வீண் என்பது என் அனுபவம்.

மிச்ச இரண்டு முறைக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியில் எஞ்சினும் காற்றும் ஒரே குளிர்ச்சியில்தான் இருக்கும். பிழை படிக்கும் கருவியை மாட்டிப் பார்த்தால் எஞ்சின் வெப்பமானியும் காற்று வெப்பமானியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காற்று மைனஸ் 20, எஞ்சின் பிளஸ் 30 என்று காட்டினால் கணினி ஏமாந்துபோய்ச் சூடான எஞ்சினுக்கான அளவில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கோடையில் இந்தப் பொய் வெளியே தெரியவே தெரியாது. என் கார்புரேட்டர் வண்டியில் நான் குளிரை நேரில் உணர்கிறேன், பொய் சொல்ல நடுவில் யாரும் இல்லை. அது ஒன்றுதான் பழையதன்மேல் எனக்குள்ள நிஜமான மரியாதை.

இரண்டும் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு: பெட்ரோல் மிஞ்சிப் பிளக் நனைந்துபோனால். கார்புரேட்டரில் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, த்ராட்டிலை முழுக்கத் திறந்து சுற்ற வேண்டும். காற்று புகுந்து காயவைத்துவிடும். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளிலும் முழுத் த்ராட்டிலோடு செல்ஃப் கொடுத்தால் கணினி விஷயத்தைப் புரிந்துகொண்டு இன்ஜெக்டரை மூடிவிடும். கட்டைவிரலுக்கு அந்த வண்டியிலும் இப்படி ஒரு வேலை ஒளிந்திருக்கிறது.

ஆயில் இரண்டுக்கும் பொது. டப்பாவில் 10டபிள்யூ-40 என்று போட்டிருந்தால், அந்த டபிள்யூ வின்டரைக் குறிக்கும். 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25-இலும், 5டபிள்யூவை மைனஸ் 30-இலும், 0டபிள்யூவை மைனஸ் 35-இலும் எஞ்சின் சுற்ற விடுகிறதா என்று சோதிக்கிறார்கள். கோடையில் ஊற்றிய 10டபிள்யூவோடு மைனஸ் 27-இல் நாங்கள் இருவரும் நின்றது எங்கள் சோம்பேறித்தனம். மெல்லிய ஆயில்தானே என்று காருக்கு ஊற்றுவதை எடுத்து ஊற்றிவிடவும் கூடாது. கிளட்ச்சும் எஞ்சினும் ஒரே ஆயிலில் ஓடும் வண்டியில் அது கிளட்ச்சை வழுக்கவிடும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்ரோலும் அப்படியே. சுத்திகரிப்பு ஆலைகள் குளிர்காலத்துக்கு எளிதில் ஆவியாகும் பெட்ரோலைத் தனியாகத் தயாரிக்கின்றன. ஆகஸ்ட்டில் கேனில் நிரப்பி வைத்ததை ஜனவரியில் ஊற்றினால் இரண்டு வண்டியும் முரண்டு பிடிக்கும். ஈத்தர் ஸ்ப்ரேயை அடித்துக் கிளப்பும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. நான் விடச் சொல்வேன். சிலிண்டர் சுவரில் இருக்கும் கொஞ்ச நஞ்ச ஆயிலையும் கழுவிவிடும். கொஞ்சம் கூடினால் காற்றுப் பெட்டியில் படீரென்று வெடிக்கும். அதைவிட, எஞ்சின் அடியில் ஒட்டும் மின் சூடாக்கி நல்லது. 1940-களில் வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் கார் எஞ்சினுக்காகச் செய்த சூடாக்கியின் வழித்தோன்றல் அது. இரண்டு தலைமுறை வண்டிக்கும் இவ்வளவு சமமாக உதவுகிற பொருள் வேறு இல்லை.

எது மேல் என்று அண்ணன் கேட்டார். வீட்டு வாசலில் பிளக் பாயிண்ட் இருப்பவருக்கு இன்ஜெக்‌ஷன்தான், சந்தேகமே வேண்டாம். ராத்திரி சார்ஜரில் போட்டுவைத்தால் மைனஸ் 30-இலும் பட்டனைத் தொட்டதும் கிளம்பும். வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே, உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கத் தனியாகப் போகிறவர் என்றால் நான் கயிறு வைத்த பழைய வண்டியைத்தான் கொடுப்பேன். அது எளிதில் கிளம்பும் என்பதற்காக இல்லை. பேட்டரி செத்தபின்னும் கிளம்ப அதில் ஒரு வழி இருக்கிறது.

மாலை நாலு மணிக்கு அண்ணன் பேட்டரியை மாட்டினார். சாவியைத் திருப்பினார், பம்ப் ஓடி ஓய்ந்தது, பட்டன். அரை விநாடி. என் வண்டி அந்த வேகத்தில் ஒருநாளும் கிளம்பியதில்லை.

உங்கள் கொட்டகையில் நிற்பது எது என்று இன்றே பாருங்கள். கார்புரேட்டர் என்றால் முதல் பனிக்கு முன் கிண்ணத்தை ஒரு முறை வடித்துவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் என்றால் வோல்ட் மீட்டர் ஒன்று வாங்குங்கள், 12.4-க்குக் கீழே காட்டினால் பேட்டரியை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.